யாருக்குப் போட்டுக் காட்டுவது?

விஸ்காம் மாணவர்கள் தங்கள் ஆவணப்படத்தின் ரஃப் கட்டை வகுப்பறையில் விளக்கணைத்துத் திரையிடும் நாளில், விளக்கு எரிந்ததும் என்னென்ன சொல்லப்படும் என்பதை முன்கூட்டியே எழுதி வைத்துவிடலாம். "நல்லா இருக்குடா." "கொஞ்சம் லென்த்தா இருக்கு." "பி.ஜி.எம். செம." "ஒரு டிரோன் ஷாட் போட்டிருக்கலாம்." கடைசியில் ஆசிரியர், "இன்னும் டைட் பண்ணுங்க" என்பார். படம் எடுத்த பிள்ளை எல்லாவற்றையும் நோட்டில் குறித்துக்கொண்டு போய், அன்றிரவே இருபது நிமிடப் படத்தைப் பதினேழாகக் குறைத்து, யாரிடமோ இரவல் வாங்கிய டிரோன் காட்சியையும் சேர்த்துவிடும். படம் நிச்சயமாகச் சுருங்கியிருக்கும். மேம்பட்டிருக்கிறதா என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

பார்வையாளரிடம் கருத்துக் கேட்டுப் படத்தைத் திருத்துவது திரைப்படக் கல்வியில் இன்று கேள்விக்கு அப்பாற்பட்ட வழக்கமாகிவிட்டது. நல்ல வழக்கம்தான். பெரிய ஆட்களும் அதைச் செய்கிறார்கள். 'ஹூப் ட்ரீம்ஸ்' (1994) படத்தைத் தந்த சிகாகோவின் கார்டெம்க்வின் நிறுவனம், முடிவடையாத ஆவணப்படங்களைப் போட்டுப் பேசுவதற்கென்றே அமர்வுகள் நடத்திவந்திருக்கிறது. பாரிஸில் 1981இல் தொடங்கிய வரான் பட்டறையில், பயிற்சிக்கு வருபவர் தாம் எடுத்த ரஷ்ஷை மற்ற எல்லோர் முன்னாலும் போட்டுக் காட்டி, கேள்விகளுக்கு முகம் கொடுத்தாக வேண்டும். ஆனால் இந்த வழக்கத்தைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் "கருத்துகளை எப்படி ஏற்றுக்கொள்வது" என்பதிலேயே நின்றுவிடுகிறார்கள். அதற்கு முன்பே தீர்மானமாகிவிடுகிற ஒன்று உண்டு. நாற்காலியில் யாரை உட்கார வைத்தோம் என்பதுதான் அது. அங்கே தவறு நடந்துவிட்டால், பிறகு எவ்வளவு பணிவோடு காதைக் கொடுத்தாலும் பயனில்லை.

நைஜர் ஆற்றங்கரையில் அயோரு என்று ஓர் ஊர். பிரெஞ்சு மானுடவியலாளரும் ஆவணப்படக்காரருமான ழான் ரூஷ், அந்த ஆற்றில் சோர்கோ மீனவர்கள் நீர்யானை வேட்டையாடுவதை 1951இல் படம் பிடித்தார். 'பேராற்றில் ஒரு போர்' என்று அதற்குத் தலைப்பு. சில ஆண்டுகள் கழித்து அந்தப் படத்தையும் ஒரு புரொஜெக்டரையும் தூக்கிக்கொண்டு அதே ஊருக்குப் போய் வெள்ளைத் துணி கட்டித் திரையிட்டார். இடைப்பட்ட காலத்தில் இறந்துபோனவர்கள் துணியில் உயிரோடு நடமாடுவதைப் பார்த்து ஊர் அழுதது. திரும்பத் திரும்பப் போடச் சொன்னது. அழுது முடித்த பிறகு குறை சொல்லத் தொடங்கியது.

வேட்டை உச்சத்துக்குப் போகும் இடத்தில் ரூஷ் இசை சேர்த்திருந்தார். அதுவும் ஐரோப்பிய இசை அல்ல. அந்த வேட்டைக்காரர்களுக்கே உரிய மெட்டு. பொருத்தமாகத்தான் இருக்கும் என்று அவர் நம்பியிருந்தார். மீனவர்களோ தலையாட்டி மறுத்தார்கள். நீர்யானைக்குத் தண்ணீருக்குள் காது கூர்மை, வேட்டை நேரத்தில் இப்படிப் பாட்டு கேட்டால் அது ஓடிப்போகாதா என்றார்கள்.

ரூஷ் அந்த இசையை எடுத்துவிட்டார். அதன்பின் தம் படங்களில் பின்னணி இசையைச் சேர்க்கவே அவர் மிகவும் யோசித்தார். நம் எடிட்டிங் அறையில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் இந்தக் கருத்தைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார். திரைக்கு வெளியே சேர்த்த இசை திரைக்குள் இருக்கும் விலங்குக்கு எப்படிக் கேட்கும்? நேர்ப்பொருளில் எடுத்தால் மீனவர்கள் சொன்னது பிழை. ஆனால் வேட்டையின் பதற்றம் முழுவதும் அதன் அமைதியில் இருக்கிறது, துடுப்பு தண்ணீரில் படும் ஓசைகூடக் கூடுதல் என்பதை அவர்களைவிட அறிந்தவர்கள் யார்? திரைப்படம் என்றால் என்னவென்று அன்றுதான் கண்ட மனிதர்கள் ஒலி வடிவமைப்பு பற்றி ஒரு பாடம் நடத்தியிருக்கிறார்கள். அந்தப் பாடத்தை பாரிஸ் விமரிசகர் எவரும் ரூஷுக்குக் கற்றுக் கொடுத்திருக்க முடியாது.

இதே போன்ற இன்னொரு விசித்திரம் மாணவர் படங்களைப் பற்றியே உண்டு. 1966 கோடையில் அரிசோனா மாநிலத்தின் பைன் ஸ்பிரிங்ஸ் பகுதியில் சோல் வொர்த், ஜான் அடேர் என்ற இரண்டு ஆய்வாளர்கள், நவஹோ பழங்குடியினர் சிலருக்குக் கேமராவை இயக்கவும் பிலிமை வெட்டி ஒட்டவும் கற்றுக் கொடுத்தார்கள். எதை எடுப்பது, எப்படி எடுப்பது என்று மட்டும் சொல்லவில்லை. ஒலியில்லாத குறும்படங்கள் சில உருவாயின. இந்த முயற்சியைப் பற்றி இருவரும் எழுதிய 'த்ரூ நவஹோ ஐஸ்' 1972இல் வெளிவந்தது. ஆவணப்படம் சொல்லித் தருபவர்கள் படித்திருக்க வேண்டிய புத்தகம் அது.

படங்கள் ஊராருக்குப் போட்டுக் காட்டப்பட்டன. புரிந்ததா என்று கேட்டபோது சிலர் சொன்ன பதில்: படம் ஆங்கிலத்தில் இருந்ததால் புரியவில்லை. படத்திலோ ஒலியே கிடையாது! கேள்வித்தாளில் இப்படி ஒரு பதில் வந்தால் அதைச் செல்லாத ஓட்டாக ஒதுக்குவதுதான் வழக்கம். ஆனால் அந்தப் பார்வையாளர் தமக்கு நேர்ந்ததைத் துல்லியமாகவே சொல்லியிருக்கிறார். காட்சிக்குப் பின் காட்சி அடுக்கப்பட்டிருந்த விதம் அவருக்குப் பழகாத மொழியாக இருந்தது. தமக்குப் பிடிபடாத மொழி என்றால் அவருக்கு அது ஆங்கிலம்தான். விளக்கம் தவறு, அனுபவம் சரி.

அந்தப் படங்களில் வேறொன்றும் இருந்தது. கம்பளம் நெய்வதைப் பற்றிய படத்தில் தறியில் நெய்யும் காட்சிகள் குறைவு. கம்பளிக்கும் சாயத்துக்கும் வேண்டியதைத் தேடி நெய்யும் பெண் நடப்பது, நடப்பது, மேலும் நடப்பது. நம் வகுப்பறை ஒன்றில் இதைப் போட்டால் "நடக்கிறதை எல்லாம் தூக்கிடலாமே" என்று பத்தில் ஒன்பது பேர் சொல்வார்கள். வொர்த்தும் அடேரும் கவனித்தது என்னவென்றால், நவஹோ கதைகளில் நடை என்பது இரண்டு சம்பவங்களுக்கு நடுவில் வரும் இட்டு நிரப்பல் அல்ல, அதுவே சம்பவம். பெரும்பான்மைக் கருத்துக்குக் கட்டுப்பட்டு நடையை வெட்டியிருந்தால் நெசவு பற்றிய சாதாரணப் படம் ஒன்று மிஞ்சியிருக்கும். நவஹோ பெண் எடுத்த படம் காணாமல் போயிருக்கும்.

ஆக ஒரே வழக்கத்தின் இரண்டு முகங்கள். அயோருவில் பார்வையாளர் பேச்சைக் கேட்டதால் படம் பிழைத்தது. பைன் ஸ்பிரிங்ஸ் படங்களை வெளியார் பேச்சுக்குத் திருத்தியிருந்தால் அவை செத்திருக்கும். பார்வையாளர் தமக்கு என்ன நேர்ந்தது என்று சொல்லும்போது அதை முழுதாக நம்பலாம். ஏன் நேர்ந்தது என்று சொல்லும்போது பாதி நம்பலாம். என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும்போது அநேகமாக நம்ப வேண்டியதில்லை.

படத்தொகுப்பாளர் வால்டர் மர்ச் 1995இல் வெளியான தம் சிறு நூலில் இதற்கு மருத்துவத்திலிருந்து ஓர் உவமை சொல்கிறார். முழங்கை வலிக்கிறது என்று வருபவருக்கு முழங்கையில் கத்தி வைக்கக் கூடாது. நரம்பு தோளில் சிக்கியிருக்கலாம். திரையிடலில் ஒரு காட்சி பிடிக்கவில்லை என்று எல்லோரும் சொன்னால், நோய் அந்தக் காட்சியில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அதற்கு வெகு முன்னால், பார்வையாளருக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஏதோ ஒன்று தெரியாமல் போன இடத்தில் இருக்கலாம்.

மாணவர் ஆவணப்படத்தில் இது எப்படி நடக்கும் என்று கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். தூத்துக்குடி உப்பளங்களைப் பற்றி ஒரு மாணவி பதினெட்டு நிமிடப் படம் எடுத்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஏழாவது நிமிடத்தில் ஓர் அம்மாவின் பேட்டி. மழை மாதங்களில் வேலையில்லாமல் எப்படிக் குடும்பம் நடத்துகிறார் என்று மூன்று நிமிடம் பேசுகிறார். வகுப்பில் எல்லோரும் "அந்தப் பேட்டி போர் அடிக்குது" என்கிறார்கள். அவள் பேட்டியை ஒன்றரை நிமிடமாக வெட்டுகிறாள். மறுபடி போடுகிறாள். மறுபடியும் போர். உண்மையில் கோளாறு இரண்டாவது நிமிடத்தில் இருக்கிறது. அங்கே உப்புக் குவியல்களுக்கு முன்னால் மூன்று பெண்கள் ஒரே சட்டகத்தில் அறிமுகமாகிறார்கள். பின்னணிக் குரல் உற்பத்திப் புள்ளிவிவரம் சொல்லிக்கொண்டிருக்கிறது. யார் பெயரும் மனதில் நிற்கவில்லை. ஏழாவது நிமிடத்தில் பேசுவது அந்த மூவரில் யார் என்றே தெரியாதபோது, அவர் படும் பாடு பற்றி யாருக்கு அக்கறை வரும்? இரண்டாவது நிமிடத்தில் அந்த ஒருவரை மட்டும் காட்டி, பாத்தியில் இறங்கும் முன் அவர் காலில் துணி சுற்றிக்கொள்வதைப் பத்து விநாடி பொறுமையாக வைத்திருந்தால், மூன்று நிமிடப் பேட்டி ஒரு வெட்டும் இல்லாமல் நின்றிருக்கும்.

இனி அதே படத்தை அந்த அம்மாவுக்கே போட்டுக் காட்டினால் என்ன ஆகும்? அவர் பேட்டியின் நீளத்தைப் பற்றிப் பேச மாட்டார். "உச்சி வெயில்ல யாரு அளத்துல நிப்பா? நீங்க நிக்கச் சொன்னீங்கன்னுதானே நின்னோம்" என்பார். விடிவதற்குள் தொடங்கி வெயில் ஏறும் முன் முடிகிற வேலை அது. ஒளிக்காகவும் கல்லூரிப் பேருந்தின் வசதிக்காகவும் மாணவி அதை நடுப்பகலுக்கு மாற்றிப் படம் பிடித்திருக்கிறாள். வகுப்பறையில் இருந்த நாற்பது பேரில் ஒருவருக்கும் இது தெரியவில்லை. ஆசிரியருக்கும் தெரியவில்லை. ஆவணப்படத்தில் இதைவிடப் பெரிய பிழை எது?

அதனால்தான் யார் பார்ப்பது என்ற கேள்வி, என்ன சொன்னார்கள் என்ற கேள்விக்கு முன்னால் வருகிறது. நண்பர்கள் படத்தைப் பார்ப்பதில்லை. படம் எடுத்தவரைப் பார்க்கிறார்கள். நம் ஊரில் இது இன்னும் கூடுதல். வீட்டுக்கு வந்தவர் சாப்பாட்டைக் குறை சொல்ல மாட்டார், வகுப்பில் பக்கத்தில் உட்காருபவன் படத்தைக் குறை சொல்ல மாட்டான். அடுத்த வாரம் அவன் படம் திரைக்கு வருகிறது என்பதும் ஒரு காரணம். ஆசிரியரோ மதிப்பெண் கையில் வைத்திருக்கும் பார்வையாளர். அவர் சொல்லும் எதுவும் கருத்தாக இருக்க முடியாது, உத்தரவாகத்தான் போய்ச் சேரும். "இந்த இடம் எனக்குப் புரியலை" என்று அவர் சாதாரணமாகச் சொன்னாலும் மாணவர் அந்த இடத்தை இரவோடிரவாக நீக்கிவிடுவார். இத்தனைக்கும் அந்த இடம் புரியாமல் இருக்க வேண்டிய இடமாகவும் இருக்கலாம்.

பொருந்தாத பார்வையாளரால் ஒரு படம் எவ்வளவு சிதையும் என்பதற்குப் புனைகதைப் படத்திலிருந்துதான் புகழ்பெற்ற சாட்சி கிடைக்கிறது. ஆர்சன் வெல்ஸின் 'த மேக்னிஃபிசென்ட் ஆம்பர்சன்ஸ்' 1942 மார்ச் மாதம் கலிஃபோர்னியாவின் போமோனா நகரில் சோதனையாகத் திரையிடப்பட்டது. அரங்கில் இருந்தவர்கள் அன்று ஆட்டமும் பாட்டுமான வேறொரு படத்துக்கு வந்த கூட்டம். ஒரு குடும்பம் நொடித்துப்போகும் கதையை அவர்கள் முன் வைத்தால் என்ன கிடைக்கும்? கேலிச் சிரிப்பும் எரிச்சலும் கிடைத்தன. கருத்து அட்டைகளில் உயர்வாகப் பாராட்டியவையும் இருந்தன, ஆனால் ஆர்.கே.ஓ. நிறுவனம் பயந்துவிட்டது. வெல்ஸ் பிரேசிலில் இருந்த நேரத்தில் நாற்பது நிமிடத்துக்கும் மேல் வெட்டி, முடிவையும் மாற்றி எடுத்து, 88 நிமிடப் படமாக வெளியிட்டது. வெட்டியதை அழித்தும்விட்டது. மாணவர்களிடம் இன்றைக்கு ஹார்ட் டிஸ்க் இருக்கிறது, எதையும் அழிக்க வேண்டியதில்லை என்ற ஆறுதல் உண்டு. ஆனாலும் முதல் வெட்டைத் தனிக் கோப்பாகச் சேமித்து வைக்கும் மாணவர்கள் அரிது.

கருத்துகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும்போது என்ன செய்வது என்பதற்கு ரூஷிடமே ஒரு வழி இருந்தது. சமூகவியலாளர் எட்கார் மொரானோடு சேர்ந்து 1960 கோடையில் பாரிஸ்வாசிகளை வைத்து அவர் எடுத்த 'ஒரு கோடையின் குறிப்பேடு' 1961இல் வெளிவந்தது. படத்தில் பேசியவர்களை எல்லாம் ஓர் அரங்கில் கூட்டி அவர்களுக்கே போட்டுக் காட்டினார்கள். சிலருக்கு அது பொய்யாக, நடிப்பாகத் தோன்றியது. சிலருக்கு அளவுமீறி அந்தரங்கமாக, கூச்சம் தருவதாகத் தோன்றியது. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் ஒரு படமும் வராது. இருவரும் அந்தக் கருத்துச் சண்டையையே படம் பிடித்துப் படத்தின் கடைசிப் பகுதியாகச் சேர்த்துவிட்டு, பிறகு அருங்காட்சியகக் கூடத்தில் மேலும் கீழும் நடந்தபடி தாங்கள் எங்கே தோற்றோம் என்று பேசிக்கொள்கிறார்கள். அறுபது ஆண்டுகள் கடந்தும் அந்தப் பகுதி பழசாகவில்லை. மாணவர்கள் எவ்வளவோ உத்திகளை நகலெடுக்கிறார்கள், இதை மட்டும் ஏனோ எடுப்பதில்லை.

இன்னும் ஒருபடி மேலே போன சம்பவம் பிரான்ஸின் பெசான்சோன் நகரில் நடந்தது. ரோடியாசேட்டா துணியிழை ஆலையில் 1967இல் நடந்த வேலைநிறுத்தத்தைப் பற்றி கிறிஸ் மார்க்கரும் மரியோ மாரேவும் ஒரு படம் எடுத்தார்கள். 1968இல் தொழிலாளர்களுக்குப் போட்டார்கள். மார்க்கர் அப்போதே பெரிய பெயர்; பாரிஸாக இருந்தால் கைதட்டல் கிடைத்திருக்கும். இங்கே விளாசல் கிடைத்தது. எங்களைக் கற்பனை மயக்கத்தோடு பார்த்திருக்கிறாய், சங்க வேலையின் அன்றாடத்தைக் காணோம், பெண்கள் தொழிலாளர்களின் மனைவிகளாக மட்டும் வருகிறார்கள் என்று அடுக்கினார்கள். அந்த விவாதத்தின் ஒலிப்பதிவு இன்றும் இருக்கிறது. மார்க்கர் கோபப்படவில்லை. வெளியிலிருந்து வருகிற எங்களால் இவ்வளவுதான் முடியும், உங்கள் படத்தை நீங்கள்தான் எடுக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். தொழிலாளர்களுக்குக் கருவிகளும் பயிற்சியும் கிடைத்தன. 1932இல் ரயில் பெட்டிக்குள்ளேயே படம் கழுவி, வெட்டி, எடுத்த இடத்திலேயே தொழிலாளர்களுக்குப் போட்டுக் காட்டிய சோவியத் இயக்குநர் மெத்வெத்கின் பெயரில் ஒரு குழு அமைந்தது. அடுத்த ஆண்டே அவர்கள் எடுத்த படத்தில் கைக்கடிகாரத் தொழிற்சாலைப் பெண் தொழிலாளி சுசான் செதே நடுநாயகமாக வந்தார். முதல் படத்தில் கணவருக்குப் பக்கத்தில் ஒதுங்கி இருந்தவர் அவர்தான்.

கருத்துக் கேட்பதன் உச்சம் இது. திருத்தம் என்பது வெட்டுவதும் ஒட்டுவதும் மட்டுமல்ல, சில சமயம் கேமரா கைமாறுவதுதான் சரியான திருத்தம். கல்லூரி செமஸ்டருக்குள் இது அடங்காது என்பதும் உண்மை.

கேட்காமலே விட்டால் என்ன ஆகும்? கனடாவின் தேசியத் திரைப்பட வாரியம் 1967இல் வெளியிட்ட 'த திங்ஸ் ஐ கெனாட் சேஞ்ச்' அதற்குப் பதில். மான்ட்ரியலில் ஒன்பது பிள்ளைகள் இருக்க, பத்தாவதும் பிறக்கவிருந்த ஏழைக் குடும்பம் ஒன்றோடு மூன்று வாரம் இருந்து தான்யா பலன்டைன் என்ற இளம் இயக்குநர் எடுத்த படம். வறுமையை அவ்வளவு கிட்டத்தில் காட்டியதற்குப் பாராட்டு குவிந்தது. குடும்பத்தாருக்கு முன்கூட்டிப் போட்டுக் காட்டாமல் தொலைக்காட்சியில் ஒளிபரப்பினார்கள். அக்கம்பக்கத்தாரின் ஏளனத்துக்கு அந்தக் குடும்பம் ஆளானது. இயக்குநரின் நல்ல நோக்கம் அவர்களுக்கு எந்த விதத்திலும் உதவவில்லை.

அந்தக் காயத்திலிருந்து வாரியம் ஒரு பாடம் கற்றது. அதே ஆண்டு நியூஃபவுண்ட்லாந்தின் ஃபோகோ தீவுக்குப் போன காலின் லோ, தீவு மக்களோடு எடுத்த இருபதுக்கும் மேற்பட்ட குறும்படங்களை அவற்றில் பேசியவர்களிடமே முதலில் காட்டினார். வேண்டாம் என்று அவர்கள் சொன்னதை விட்டார். பிறகு மற்ற ஊர்க்காரர்களிடம் காட்டினார். மதத்தாலும் ஊராலும் பிரிந்து கிடந்த மீனவர்கள் ஒருவர் பேசியதை ஒருவர் திரையில் கேட்டார்கள். அரசாங்கம் அவர்களை வேறிடத்துக்குக் குடிபெயர்க்க யோசித்துக்கொண்டிருந்த காலம் அது. மக்கள் தீவிலேயே தங்கினார்கள், மீனவர் கூட்டுறவுச் சங்கம் எழுந்தது. எல்லாம் படத்தால் மட்டும் நடந்ததென்று சொல்வது மிகை; ஆனால் படங்களுக்கு அதில் பங்கில்லை என்று யாரும் சொல்வதில்லை. அந்தப் படங்களைத் தனித்தனியாகப் போட்டுப் பார்த்தால் பல மிதமானவையாகத் தோன்றலாம். எல்லோரும் ஒப்புக்கொண்டதை மட்டும் வைத்தால் கூர்மை கொஞ்சம் மழுங்கத்தான் செய்யும். தீவுக்கு அது ஏற்கத்தக்க விலை.

எல்லா இடத்திலும் ஏற்கத்தக்க விலையா என்றால், இல்லை. படத்தில் இருப்பவருக்கு நிறுத்தும் அதிகாரம் கொடுப்பதன் ஆபத்தைத் தெரிந்துகொள்ள ஃபிரெடெரிக் வைஸ்மனின் 'டிட்டிகட் ஃபாலிஸ்' (1967) போதும். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிரிட்ஜ்வாட்டரில், மனநோய்க்கு ஆளான கைதிகளை அடைத்து வைத்திருந்த நிறுவனத்துக்குள் எடுத்த படம். கைதிகள் அம்மணமாக அறைகளில் விடப்பட்டிருப்பதும், காவலர்கள் அவர்களைச் சீண்டுவதும், ஒருவருக்கு மூக்குக் குழாய் வழியே உணவு செலுத்தப்படுவதும் அதில் பதிவாகியிருக்கின்றன. மாநில அரசு நீதிமன்றம் போனது. கைதிகளின் அந்தரங்கத்தைக் காப்பதாகச் சொன்னது. பொதுமக்களுக்குத் திரையிட விழுந்த தடை 1991இல்தான் நீங்கியது. அந்தரங்கம் பற்றிய கேள்வி பொய்யானதல்ல; சம்மதம் சொல்லும் நிலையில் இல்லாதவர்கள் பலர் படத்தில் இருந்தார்கள். ஆனால் அந்தக் கேள்வியை எழுப்பியவர்களுக்கு மறைக்க வேண்டியது வேறாகவும் இருந்தது.

உப்பளப் படத்துக்குத் திரும்பினால், அளத்தில் நிற்கும் அம்மாவும் படத்தில் இருப்பவர்தான், அளத்தின் முதலாளியும் படத்தில் இருப்பவர்தான். இருவருக்கும் முன்கூட்டியே போட்டுக் காட்டுவதும் இருவர் சொல்வதையும் ஒரே தராசில் வைப்பதும் நேர்மை மாதிரி தெரியும். அது நேர்மை அல்ல. தங்கள் வாழ்க்கையைக் காட்டியதால் இழக்கக்கூடியது உள்ளவர்களுக்கு, அவர்கள் சம்பந்தப்பட்ட காட்சியை நிறுத்தும் உரிமை வேண்டும். அதிகாரத்தில் இருப்பவரிடம் தகவல் சரியா என்று கேட்டால் போதும். காட்சி வேண்டுமா என்று கேட்க வேண்டியதில்லை. பல மாணவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். படப்பிடிப்புக்கு அனுமதி தந்த மேலாளருக்கு நன்றிக்கடனாக லிங்க் போகிறது, தொழிலாளிக்குப் படம் முடிந்த சேதிகூடப் போவதில்லை.

கேட்கும் முறையைப் பற்றியும் கொஞ்சம். அமெரிக்க நடன அமைப்பாளர் லிஸ் லெர்மன் 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய நாலு படி முறை இப்போது பல கலைப் பள்ளிகளில் புழங்குகிறது. முதலில் பார்வையாளர் தம் மனதில் பதிந்ததைச் சொல்கிறார். அடுத்துப் படைத்தவர் கேள்வி கேட்கிறார். பிறகு பார்வையாளர் தீர்ப்பு கலக்காத கேள்விகளைக் கேட்கிறார். கடைசியில்தான், அதுவும் படைத்தவரின் அனுமதியோடுதான், அபிப்பிராயம். "இதைப் பற்றி எனக்கொரு கருத்து இருக்கிறது, சொல்லட்டுமா?" என்று கேட்டு, சரி என்றால் மட்டும் சொல்ல வேண்டும். வகுப்பில் வாய் வலுத்த இரண்டு பேர் மட்டுமே பேசும் நிலையை இது உடைக்கிறது; இரண்டாவது படி மாணவரைத் தம் சந்தேகத்தைத் தாமே வாய்விட்டுச் சொல்ல வைக்கிறது. இதன் குறை, அளவு கடந்த நாகரிகம். பெசான்சோன் தொழிலாளர்கள் அனுமதி கேட்டுக்கொண்டு பேசியிருந்தால் மார்க்கருக்கு அந்த அதிர்ச்சி கிடைத்திருக்காது. தொடக்கநிலை மாணவருக்கு லெர்மன் முறை ஏற்றது. இரண்டாவது, மூன்றாவது படத்துக்கு வந்தவருக்கு நாலு திட்டு விழுந்தால் நல்லதே.

வாயால் சொல்லும் கருத்தைவிட நம்பகமானது உடம்பு. படம் ஓடும்போது எடுத்தவர் திரையைப் பார்க்கக் கூடாது. பின்வரிசை ஓரத்தில் உட்கார்ந்து முகங்களைப் பார்க்க வேண்டும். எந்த நிமிடத்தில் முதல் கைபேசி வெளிச்சம் எழுந்தது, எங்கே நாற்காலிகள் முனகின, எந்தச் சிரிப்பு எதிர்பாராத இடத்தில் வந்தது என்பதை டைம்கோடோடு குறித்தால் அதில் பொய் இருக்காது. முடிந்த கையோடு மைக்கை நீட்டுவதும் வீண். மர்ச்சும், பார்த்தவுடன் வாங்கும் கருத்தைச் சந்தேகத்தோடு அணுகச் சொல்பவர்தான். மறுநாள் காலையில் இரண்டே கேள்விகள் போதும். படத்தில் யார் யார் வந்தார்கள்? எது நினைவில் இருக்கிறது? பேட்டி கொடுத்த அம்மாவின் பெயர் ஒருவருக்கும் நினைவில்லை என்றால் திருத்த வேண்டிய இடம் எதுவென்று தானாகத் தெரிந்துவிடும்.

கடைசியாக, நாள்காட்டி. நம் கல்லூரிகளில் திரையிடலும் மதிப்பீடும் பெரும்பாலும் ஒரே நாளில் நடக்கின்றன. தேர்வாளர் சொன்னதைக் கேட்டுத் திருத்துவதற்கு மாணவருக்கு நேரமும் இல்லை, மதிப்பெண் வந்த பிறகு ஆசையும் இல்லை. அங்கே கருத்துக் கேட்பு என்பது பேருக்குத்தான். ரஃப் கட் திரையிடலுக்கும் இறுதிச் சமர்ப்பிப்புக்கும் இடையே மூன்று வாரமாவது விட வேண்டும். அந்த இடைவெளியில் படத்தில் இருப்பவர்களின் ஊருக்கே லேப்டாப்பைக் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டியதையும், அவர்கள் சொன்னதில் எதை ஏற்றார்கள், எதை ஏன் மறுத்தார்கள் என்று மாணவர்கள் எழுதும் ஒரு பக்கக் குறிப்பையும் மதிப்பீட்டில் சேர்க்கத் துறைகள் முன்வர வேண்டும். ஒளிப்பதிவுக்கும் ஒலிக்கும் தனித்தனியாக மதிப்பெண் ஒதுக்குகிறவர்களுக்கு இதற்கும் பத்து மதிப்பெண் ஒதுக்குவது பெரிய காரியமில்லை.